ரக்பி வீரரோடு லௌட்டர்புருன்னன் அருவிக்கு

எண்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை. சுவிஸில், இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் தட்டுக் கழுவ வந்து பதினான்கு மாதமாகியும் நான் ஓர் அருவியைக்கூடப் பார்க்கவில்லை. லீவு கிடைத்ததும் புறப்பட்டேன். லௌட்டர்புருன்னன் போக இருப்பவர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

கூட வேலை செய்த செல்வமும் வந்தான். ஊரில் நான் வாத்தியாராக இருந்ததால் அவனுக்கு நான் 'மாஸ்டர்'. இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் காலை 9.35 ரயில். பன்னிரண்டு கிலோமீட்டர், இருபது நிமிடம், போக வர எட்டு பிராங். (இன்று அந்த விலையை மறந்துவிடுங்கள்.)

எதிரில் ஒரு பெருத்த வெள்ளைக்காரர். கழுத்தில் நோவுக்குப் போடும் பட்டை, நசுங்கிய காதுகள்.

"மாஸ்டர், காதைப் பாருங்கோ. கொத்துரொட்டி!"

"சும்மா இரு. ஆளுக்குக் கேக்கும்."

"கேட்டால் என்ன, விளங்கவோ போகுது?"

பரிசோதகரிடம் நீட்டும்போது வெள்ளைக்காரரின் விரல்களிலிருந்து டிக்கெட் நழுவியது. குனியப் பார்த்தார், முடியவில்லை. செல்வம் எடுத்துக்கொடுத்தான்; அவர் பிரெஞ்சில் நன்றி சொல்ல, அதிலேயே பேச்சுக் கொடுத்தான். அவன் இரண்டு வருடம் பாரிஸில் இருந்தவன்.

பெயர் பியேர். பிழைப்புக்கு இறைச்சிக்கடை, பதினொரு வருடமாகப் பிரான்ஸ் தேசிய ரக்பி அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். எட்டுப் பேர் பிணைந்து, தலை குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளுவார்கள். நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்: அவருக்குப் பாதை தெரியாது, பின்சக்கரம்தான் தெரியும். தன் அணி வென்றதைக்கூடச் சனத்தின் சத்தத்தில்தான் அறிவாராம்.

முதல்நாள் பேர்ண் நகரில் ஒரு வைத்தியரைப் பார்த்திருக்கிறார். பிரான்ஸில் என்றால் செய்தி கசிந்துவிடும். இன்னொரு முறை தள்ளினால் கைகால் விளங்காமல் போகலாம் என்று வைத்தியர் சொன்னாராம். சனிக்கிழமை பாரிஸில் ஆட்டம்.

"வீட்டில தெரியுமோ எண்டு கேள்."

"தெரியாதாம் மாஸ்டர். கடையில கத்தி நழுவினதுக்கும் பிடியில கொழுப்பு எண்டு மனுசிக்குப் பொய் சொன்னவராம். முன்வரிசைக்காரன் நோவெண்டு வாய் திறந்தால் அடுத்தவன் அந்த இடத்தில நிப்பானாம்."

"சனிக்கிழமை ஆடிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆர் அவருக்கு வாயில சாப்பாடு தீத்திறது எண்டு கேள்."

செல்வம் தயங்கித்தான் கேட்டான். லௌட்டர்புருன்னனில் இறங்கியதும் பியேர் நேரே தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார்.

"என்னவாம்?"

"அணிக்காரருக்கு, இனி வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாராம். 'சரி' எண்டவையாம். பிறகு, மற்றப் பெடியன் எத்தனை கிலோ எண்டு பக்கத்தில ஆரையோ கேட்டவையாம்."

நிலையத்திலிருந்து அருவிக்குக் கால் மணி நேர நடை. அவரும் எங்களோடு வந்தார். ஏறக்குறைய முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. அடியில் நின்ற அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. நனைந்த தன் சப்பாத்துகளைப் பார்த்தபடி, எங்கேயிருந்து விழுகிறது என்று கேட்டார். பகிடியெல்லாம் விட்டு, பாறை, விளிம்பு, காற்றில் கலையும் துளி என்று ஒவ்வொன்றாகச் சொன்னான் செல்வம். பியேர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்திரை, வைகாசியில் போங்கள். தண்ணீர் நிறைய வரும். மழைச்சட்டை அவசியம். கழுத்து நோ உள்ளவர்களை அடிவாரத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். தேவாலயத்தைத் தாண்டி ஆற்றின் மறுகரையில் நிறுத்துங்கள். தலை நிமிர்த்தாமலே முழு அருவியும் நேரே தெரியும். எனக்கு அது அடுத்த வருடம்தான் தெரிந்தது.