அம்மா தேய்த்த ஷெல் கோது

பக்கத்து வீட்டிலிருந்து முதியோர் கெயார் ஹோமுக்குப் போன வெள்ளைக்கார அம்மாவின் மகள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கதவைத் தட்டினார். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று விஷயத்துக்கு வந்தார். தன் தாய் வீட்டைக் காலி செய்தபோது எங்கள் அம்மாவுக்கு ஒரு பித்தளைச் சாடி கொடுத்தாராம். அது இன்னும் இருக்கிறதா? திருப்பிக் கேட்க வரவில்லை. தாய்க்கு இப்போது கண் முழுதாகப் போய்விட்டது. ஒருமுறை அதைக் கையில் வைத்திருக்க ஆசைப்படுகிறார்.

"முதலாவது உலகப் போரில் என் தாத்தா பீரங்கிப் படையில் இருந்தவர். அந்தச் சாடியில் ஆணியால் குத்திக் குத்தி என் பாட்டிக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு அந்த எழுத்தை விரலால் தடவ வேண்டுமாம். அவர் கையால் எழுதியதென்று வேறு எதுவும் எங்களிடம் இல்லை."

அதற்கென்ன, நாங்களே கொண்டு வருகிறோம் என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். எழுத்தா, அதில் எங்கே எழுத்து என்ற கேள்வி அவருடைய கார் வீதி முனையில் திரும்பிய பிறகுதான் எனக்கு வந்தது.

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் அலுமாரிதான் சாமியறை. அதன் நடுத்தட்டில், ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போன மாமாவின் படத்துக்குப் பக்கத்தில், அந்தச் சாடி நின்றது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதைப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பூ வைப்பார். டூட்டிங் கடையில் புளி வாங்கும்போது கறிக்கு ஒன்று, சாமான் தேய்க்க ஒன்று என்று இரண்டு பைக்கற் வாங்கும் ஆள் அவர். சாடி எப்போதும் தங்கம் மாதிரி இருக்கும். இடுப்புப் பக்கம் ஒடுங்கி, சுற்றிவர இலைகள் அடித்த வேலைப்பாடு.

பூவை எடுத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பக்கம் முழுவதும் வழுவழுப்பு. கவிழ்த்தேன். அடியில் மட்டும் வட்டமாக எழுத்துகளும் இலக்கங்களும் ஓர் அம்புக்குறியும் ஆழமாகப் பதிந்திருந்தன. நடுவில் திருகி இறக்கிய ஒரு மூடி. இது பீரங்கி ஷெல்லின் வெற்றுக் கோது என்று எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் உலோகங்கள் பற்றிய பாடத்தில் இதே சாமானின் படத்தை வரைந்திருக்கிறேன். ஒரு தட்டைப் பித்தளை வில்லையை அழுத்தி, சூடாக்கி, திரும்பவும் அழுத்தி, நீண்ட குவளையாக இழுப்பார்கள். அந்தக் குவளைக்குள் மருந்து. வாயில் குண்டு. அடியில் இருக்கும் மூடியைத் தட்டினால் மருந்து எரிந்து குண்டு பறந்துவிடும். கோது பீரங்கிக்குள் மிஞ்சும். அதை இழுத்துப் பக்கத்தில் எறிந்துவிட்டு அடுத்ததைப் போடுவார்கள். இப்படிப்பட்ட கோதுகளை இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்தபோது அவை தாமாகவே பிளந்த கதையையும் விரிவுரையாளர் சொல்லியிருந்தார். குதிரை மூத்திரத்தின் ஆவி பித்தளைக்கு ஆகாதாம். பரீட்சையில் அது வந்தது. நான் நல்ல புள்ளி எடுத்தேன். அன்று காலையும் இந்த அலுமாரிக்கு முன்னால் நின்றுதான் திருநீறு பூசிக்கொண்டு போயிருப்பேன்.

"என்னவாம் அவ?" அம்மா குசினிக்குள் இருந்து கேட்டார்.

"அம்மா, இதில எழுத்து ஏதும் இருந்ததோ?"

"எழுத்தோ? இல்லையே." கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கறுத்துப்போய் எல்லோ தந்தவ. முதல்தரம் தேய்க்கேக்கை ஒரு பக்கம் புள்ளி புள்ளியாக் கீறல் கிடந்தது. சாமான் ஏத்தின பெடியள் எங்கயோ உரசிப்போட்டாங்களெண்டு நினைச்சன். புளிக்குப் போகேல்லை. பிறகு கம்பிப் பந்தைப் போட்டு, மினக்கெட்டுத் தேச்செல்லோ எடுத்தனான்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாடியைப் பார்த்தார்.

"அதுவோ எழுத்து?"

"ஓம்."

அம்மா அதைத் தேய்த்த நாள் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நூலகத்தில் இருந்திருப்பேன். வீட்டில் சத்தம், படிக்க ஏலாது என்று விடியவே போய்விடுவேன். அப்பா பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்து தூங்கியிருப்பார். கவுன்சில் கடிதம், டொக்டர் கடிதம் எல்லாவற்றையும் நான் வரும்வரை மேசையில் எடுத்து வைக்கிற அம்மாவுக்கு, ஒரு பூச்சாடியையும் மேசையில் வைத்து மகனிடம் காட்டவேண்டும் என்று எப்படித் தோன்றும்?

அது ஷெல் கோது என்பதையும் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"ஷெல் எண்டாச் சிதறுமே. இது முழுசாக் கிடக்கு."

"சிதறுறது போய் விழுந்திடும் அம்மா. இது சுட்ட இடத்தில மிஞ்சிறது."

"அப்ப அடிக்கிறவன்ர பக்கத்துச் சாமான்."

"ஓம்."

"அதுதான் எனக்குத் தெரியேல்லை," என்றார். "எங்களுக்கு வந்ததெல்லாம் துண்டுதானே."

மாமா பங்கீட்டுச் சாமானுக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றபோதுதான் ஷெல் விழுந்தது. ஆமி முகாமில் ஷெல் குத்தி ஏவுகிற சத்தம் கேட்டதாம், எல்லாரும் படுத்தார்களாம், அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இவ்வளவுதான் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று பூவை ஒரு கண்ணாடித் தம்ளருக்கு மாற்றி மாமாவுக்கு முன்னால் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகப் புறப்பட்டோம். சாடியைத் துவாயில் சுற்றிக் கடைப் பையில் வைத்ததைப் பார்த்து அப்பா, "ஷெல்லோட பஸ்ஸில போறியளோ? பொலிஸ் பிடிச்சா நான் உங்களை ஆரெண்டே தெரியாதெண்டு சொல்லிப்போடுவன்," என்றார்.

"நீங்கள் மட்டும் என்ன, பேப்பர் இல்லாமல் வந்த ஆள்தானே," என்றார் அம்மா. அதற்குப் பிறகு அப்பா தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார்.

கெயார் ஹோம் இருந்த நோர்த் சீம் வரைக்கும் பஸ்ஸில் நான் ஒரு வசனத்தை மனதுக்குள் தயாரித்துக்கொண்டு போனேன். 'காலப்போக்கில் எழுத்துகள் மங்கிவிட்டன' என்று. ஆங்கிலத்தில் அது இன்னும் அழகாக வந்தது. யாரும் எதையும் செய்யாத வசனம். அறிக்கைகளில் அப்படித்தான் எழுதப் பழகியிருந்தேன். சாடியை அவரிடமே விட்டுவிட்டு வருவது என்று அம்மா முடிவு செய்திருந்தார். எழுத்து அழிந்ததை எப்படிச் சொல்வது என்பது பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

வெள்ளைக்கார அம்மா ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். அம்மாவின் குரல் கேட்டதும் முகத்தைத் திருப்பி, "வடை கொண்டு வந்தாயா?" என்று கேட்டார். வேலிக்கு மேலால் வடையும் ஆப்பிளும் மாறி மாறிப் போன காலம் ஒன்று இருந்தது. அம்மா வடையும் கொண்டுதான் வந்திருந்தார். ஆனால் அவர் முதலில் சாடிக்குத்தான் கையை நீட்டினார்.

மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார். இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு கீழே வந்தார். இரண்டு இலைகளுக்கு நடுவில் ஓர் இடத்துக்கு விரல் போனது. நின்றது. திரும்பவும் மேலே போய், அதே வழியால் வந்தது. சாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அதே இடம்.

"காலப்போக்கில்..." என்று நான் தொடங்கினேன்.

"என்ன சொல்லுறாய்?" என்றார் அம்மா.

"நாள் போகப் போக அழிஞ்சிட்டுதெண்டு."

"நாளோ தேச்சது? நான்தான் தேச்சனானெண்டு சொல்லு. கீறலெண்டு நினைச்சனான், வாசிக்கத் தெரியாதெண்டும் சொல்லு."

சொன்னேன். எதைப் போட்டுத் தேய்த்தார் என்று அவர் கேட்டார். சொன்னேன்.

"இப்போது நன்றாக மின்னுகிறதா?"

"முகம் தெரியும்."

"என் அப்பா சிரித்திருப்பார். படையில் பித்தளைப் பொத்தான் மினுக்கி மினுக்கியே வெறுத்துப் போனவர். வீட்டில் இதை மினுக்க யாரையும் விடமாட்டார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை அந்த இடத்தை விடவில்லை. அந்த வரி அவருக்கு மனப்பாடம். தன் தாயின் பெயரையும், பிரான்சில் ஓர் ஊரின் பெயரையும், சுகமாக இருக்கிறேன் என்பதையும் எனக்குச் சொல்லிக் காட்டினார். என்னுடன் படித்த ஒருவனிடம் எழுத்து வெட்டும் மெஷின் இருக்கிறது, அதே வரியைத் திரும்பவும் வெட்டித் தரலாம் என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

"வரி என்னிடம் இருக்கிறது, மகனே," என்றார். "அவருடைய கைதான் இல்லை."

அந்த நேரம் அப்படி ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன்.

அவர் சாடியைக் கவிழ்த்து அடியைத் தடவினார். தொழிற்சாலை அடித்த இலக்கங்களும் அம்பும் ஒன்றும் குறையாமல் இருந்தன. அம்மா எத்தனை வருடம் தேய்த்தாலும் அவை போகாது. அவருடைய விரல் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

"உன் அம்மா இதை எதற்கு வைத்திருந்தார்?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். "சாமிக்குப் பூ வைக்க எண்டு சொல்லு."

"மாமாவுக்குத்தானே வைச்சனீங்கள். அதைச் சொல்லட்டோ?"

"வேண்டாம். அவ தன்ர தேப்பனைத் தேடிக்கொண்டிருக்கிறா. அதுக்குள்ள என்ர தம்பியைக் கொண்டுபோய்ச் செருகாதை."

சாமிக்கு என்றே சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். இந்தக் கோதிலிருந்து போன குண்டு எங்கே விழுந்தது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அவருடைய தகப்பனுக்கே அது தெரிந்திருக்காது.

அம்மா கதிரையை இழுத்து அவருக்குக் கிட்டப் போட்டார். "விரலைத் தரச் சொல்லு," என்றார். நான் சொல்வதற்கு முன்னமே அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துச் சாடியில், இரண்டு இலைகளுக்கு நடுவில், வைத்துவிட்டார்.

"இதில ஒரு நெட்டுக் கோடு. முதல் அதுதான். அது லேசிலை போகேல்லை, ஆழமாக் கிடந்தது." விரலை மேலிருந்து கீழே இழுத்தார். "பிறகு பக்கத்தில ஒரு வளையம். பிறகு சின்னன் சின்னனா ரெண்டு. நேரை இல்லை, இப்பிடி மேல ஏறிக்கொண்டு போனது."

நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார். "ஆமாம், ஏறும். அவருக்கு ஒருநாளும் நேராக எழுத வராது."

வழுவழுத்த பித்தளையில் இரண்டு பேருடைய விரலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து ஏறின. பிறகு அம்மாவின் கை நின்றது.

"அங்கால எனக்குத் தெரியாது," என்றார். "அங்கால மெல்லிசாக் கிடந்தது. தேய்க்கேக்கை கெதியா அழிஞ்சு போட்டுது."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா கையை எடுத்த பிறகும் கண் தெரியாதவரின் விரல் தனியாக இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தது.