எந்த அதிபருக்கும் மாறாத நிரை

யேசுரட்ணம் அமெரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் அந்த நாட்டின் எல்லையில் எந்த ஆண்டு எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது என்று பிளேஸ்டோவில் அவரைப்போலச் சொல்லக்கூடிய ஆள் கிடையாது.

இருபத்தைந்து வருடம் கிழக்கு லண்டனில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வார். கவுன்சில் கடிதம், பெனிபிட் படிவம், குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒபிஸின் கடிதம் எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும்.

"ரட்ணண்ணையின்ர பேனையைக் கண்டால் ஹோம் ஒபிஸ் பயப்படும்," என்று யோகராஜா பகிடி விடுவார். அவரும் பழைய பஸ்காரர்.

"பயப்படாது. அலுத்துப்போகும். அது காணும்."

அலுக்க வைப்பது அவருடைய சொந்த அனுபவம். 1990இல் மன்னாரிலிருந்து வந்து தஞ்சம் கேட்டார். முதல் மனு தள்ளுபடியானது. மேன்முறையீடு ஏதோ ஓர் அலுமாரியில் தூங்கியது. மனைவி றோஸ்மலரும் ஒரு வயது மகள் மரினாவும் ஊரில், பேசாலையில். ஒன்பது வருடம். இடையில் பிரிட்டனில் ஆட்சி மாறியது. தேங்கிக் கிடந்த பழைய கோப்புகளைப் புதியவர்கள் ஒதுக்கத் தொடங்கியபோது அவருக்கும் ஒரு கடிதம் வந்தது. ஹீத்ரோவில் வந்து இறங்கிய மரினாவுக்கு வயது பத்து. தன்னைத் தூக்க வந்த மனிதரை அவள், "நீங்கள் ஆர்?" என்று கேட்டாள்.

அந்த ஒன்பது வருடத்திலிருந்து அவர் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டார். மேலே இருக்கிற ஆள் மாறினால் கதவு திறக்கும். அதுவரை பொறு. மண்டபத்தில் பலருக்கு அதைச் சொன்னார். சிலருக்குப் பலித்தும் இருக்கிறது.

2024 மார்ச்சில் அவருடைய கடைசித் தம்பி றூபன் அமெரிக்காவில் இறங்கினார். பேசாலையில் காணி கேட்டு நடந்த போராட்டங்களில் முன்னுக்கு நின்றவர். விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு மேல் அழைப்பு. கையில் ஆறுமாத விசிட் விசா இருந்தது; ஏறிவிட்டார். மனைவி றஜீனாவும் பன்னிரண்டு வயது மகள் றொசாந்தியும் பேசாலையிலேயே. தஞ்சம் கிடைத்தால் அவர்களைச் சட்டப்படி கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் ஏலாது. விஷயம் அவ்வளவுதான்.

யேசுரட்ணம் படிக்கத் தொடங்கினார். மரினா விம்பிள்டனில் இருந்தாள். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தரவுத்தளப் பொறியியலாளர். சனிக்கிழமைகளில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஒரே இருப்பில் பிளேஸ்டோ வந்து சேர்வாள். தகப்பனுக்கு ஓர் அட்டவணை செய்து கொடுத்தாள். மேலிருந்து கீழே ஓடும் நிரல் ஒன்றுக்கு ஓர் அதிபர். குறுக்கே ஓடும் நிரைகளில் விதிகள்: பிடிபட்டவரைத் தடுத்து வைப்பதா விடுவதா, பிள்ளைகளைப் பிரிப்பதா, மெக்சிகோவில் காக்க வைப்பதா, சுகாதாரச் சட்டத்தைக் காட்டி எல்லையை மூடுவதா, போன் செயலியில் திகதி கொடுப்பதா.

அதிபர்களின் பெயரை அவர் சொல்வதில்லை. எத்தனையாவது அதிபரோ அந்த எண். பஸ் நம்பர் மாதிரி.

"நாப்பத்திநாலு நல்லவன் எண்டுதானே எல்லாரும் சொல்லுறவை? அவற்ற காலத்திலதான் கனபேரைத் திருப்பி அனுப்பியிருக்கினம். பாத்தியே, பிள்ளை?"

"பாத்தனான், அப்பா."

"நாப்பத்தைஞ்சு மூடின எல்லையை நாப்பத்தாறு வந்து உடன திறக்கேல்லை. இரண்டு வருசத்துக்கு மேல அப்பிடியே வச்சிருந்தவர். பேச்சு வேற, நிரல் வேற."

அதில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது. செய்தியில் சத்தம் போடுபவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்ற சந்தோசம்.

மே மாதம் ஆனபோது அறுபத்திரண்டு நிரைகள் சேர்ந்துவிட்டன. மடிக்கணினித் திரையில் பாதிகூடத் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"அப்பா, நீங்கள் வித்தியாசத்தைத்தானே பாக்கிறியள்? எல்லா நிரலிலயும் ஒரே மாதிரி இருக்கிற நிரையளை மறைச்சு விடுறன். அழியாது. உள்ளுக்க இருக்கும்."

ஒரு கட்டளை. அறுபத்திரண்டு நாற்பத்தொன்றாகியது. மறைந்தவை எவையென்று மரினா பார்க்கவில்லை.

"இப்பத்தான் கராஜ் போர்ட் மாதிரி இருக்கு," என்றார். பஸ் கராஜில் காலையில் ஷிப்டுக்கு வந்தால் அறிவித்தல் பலகையில் மாற்றம் மட்டும்தான் எழுதியிருக்கும். எந்த வீதி மூடல், எந்தத் தரிப்பு இடம் மாறியது. நேற்றுப்போல் இருப்பதை யாரும் எழுதுவதில்லை. இருபத்தைந்து வருடம் அந்தப் பலகையை நம்பி அவர் ஒருநாளும் வழி தவறியதில்லை.

செப்டெம்பரில் விசா முடிந்தது. றூபன் அழைத்தார்.

"அண்ணை, இஞ்ச ஒரு பெடியன் இப்பவே விண்ணப்பம் போடச் சொல்லுறான்."

"அவன் என்ன லோயரோ?"

"இல்லை, கடையில நிக்கிறவன்."

"அப்ப கடையைப் பாக்கச் சொல்லு. நவம்பர்ல தேர்தல். ஆர் வாறான் எண்டு தெரியாமல் பேப்பரைக் குடுக்கிறதே? குடுத்தால் திருப்பி எடுக்க ஏலாது."

"அப்ப பொறுக்கட்டோ?"

"பொறு."

தேர்தல் முடிந்தது. ஜனவரியில் நாற்பத்தேழு வந்தார்; முன்பு நாற்பத்தைந்தாக இருந்தவர்தான். யேசுரட்ணம் அவருக்குப் புது நிரல் திறந்தார். முதல் நாளே எல்லையில் அவசரநிலை, போன் செயலி நிறுத்தம். நீதிமன்றங்கள் சிலதை மறித்தன, சிலதை விட்டன. நாற்பத்தொரு நிரையிலும் தினமும் ஏதாவது எழுத இருந்தது.

"இப்ப தலையை நீட்டாதை," என்றார் தம்பிக்கு. "எல்லாம் ஆடுது. ஆட்டம் நிண்ட பிறகு பாப்பம்."

2025 மார்ச் வந்து போனது. யாரும் கவனிக்கவில்லை.

ஜூனில் பயம் தாங்காமல் றூபன் தானே ஒரு லோயரிடம் போனார். அந்த அம்மா கடவுச்சீட்டில் குத்தியிருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். ஏன் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கவில்லை?

வந்து இறங்கி ஒரு வருடத்துக்குள் தஞ்ச மனுவைக் கொடுக்க வேண்டும். 1996இல் எழுதிய சட்டம். பிந்தியதற்குத் தகுந்த காரணம் இருந்தால் கேட்பார்கள். அதிபர் மாறும்வரை பார்த்திருந்தேன் என்பது காரணமாகாது. இனி வெல்ல முடிந்தாலும் திருப்பி அனுப்பாமல் விடுவார்கள், அவ்வளவுதான். மனைவி பிள்ளையைக் கூப்பிடும் உரிமை அதில் வராது.

அந்தச் சனிக்கிழமை மரினா மறைத்தவற்றைத் திறந்தாள். பதினேழாவது நிரை. 'வந்த நாளிலிருந்து ஒரு வருடம்.' யேசுரட்ணமே ஏப்ரலில் தன் கையால் அடித்தது. எல்லா நிரலிலும் அதே சொற்கள்.

றோஸ்மலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"நான்தானே அப்பா மறைச்சனான்."

"நான் எழுதினனான். நான் மறந்தனான்."

அவர் போனை எடுத்தார். மரினா பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, என்ர பிழை. வாசிச்சு வச்சிருந்தனான். மறந்துபோனன்." மரினா வாயைத் திறந்தாள். யேசுரட்ணம் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். மறுமுனையில் றூபன் கத்தத் தொடங்கினார். அது அறை முழுக்கக் கேட்டது. அவர் இடைமறிக்கவில்லை. லைன் வெட்டுப்பட்டதும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் அப்பா என்னைச் சொல்ல விடேல்லை?"

"அவனுக்குக் கோவப்பட ஒராள் காணும்."

றூபன் அதன் பிறகு அழைக்கவில்லை. யேசுரட்ணம் எடுத்தாலும் பதில் இல்லை. மண்டபத்து மேசைக்குப் போவதை நிறுத்தினார். "காலில வருத்தம்," என்றார் யோகராஜாவிடம். காலில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை.

2026 பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பு. வயது அறுபத்தெட்டு. இறுதிப் பூசைக்குக் கோவிலுக்கு நூற்றைம்பது பேர் வந்தார்கள். றூபன் வீடியோவில் பார்த்தார். கமராவை அணைத்து வைத்திருந்தார்.

லோயர் முன்பே ஒரு சத்தியக்கூற்று கேட்டிருந்தார். ஏன் பிந்தியது என்று, நடந்ததை நேரில் அறிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். யேசுரட்ணம் நாலு வரி எழுதி, கையெழுத்திடாமல் விட்டிருந்தார். இனி அதை எழுதக்கூடிய ஆள் மரினா ஒருத்திதான். எழுதினால் முழுவதையும் எழுத வேண்டும். அவள் முதலில் சித்தப்பாவை அழைத்தாள். தெரியாத இலக்கம் என்பதால் எடுத்தார்.

"சித்தப்பா, மரினா. அந்த நிரையை மறைச்சது நான். அப்பா இல்லை. நான் என்ன மறைக்கிறன் எண்டு பாக்கேல்லை."

"அண்ணை ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

கோபப்பட ஓராள் போதும் என்று தகப்பன் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"எட்டு மாசம்," என்றார் றூபன். "எட்டு மாசம் நான் அந்த மனுசனோட கதைக்கேல்லை. உனக்குத் தெரியும். நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

"ஒரு போன் எடுக்க உனக்கு ஏலாமல் போச்சு."

"ஓம்."

"பேப்பர்ல என்ன எழுதப்போறாய்?"

"நடந்ததை. அப்பா உங்களுக்குச் சொன்னது முழு உண்மை இல்லை எண்டும் எழுத வேண்டி வரும். சத்தியக்கூற்று."

"எழுதினால் றஜீனாவும் பிள்ளையும் வந்திடுவினமோ?"

"வாய்ப்பு குறைவு எண்டுதான் லோயர் சொல்லுறா. எழுதாட்டில் அதுவும் இல்லை."

"அப்ப எழுது. நான் கதைக்காமல் விட்டதையும் போடு."

"அது அவைக்குத் தேவையில்லை, சித்தப்பா."

"எனக்குத் தேவை. போடு."

மரினா போட்டாள். இரண்டு பக்கம் வந்தது. ஈஸ்ட் ஹாமில் ஒரு சட்ட அலுவலகத்தில் சத்தியம் செய்து கையெழுத்திட்டு அனுப்பினாள். லோயர் மூன்று வசனங்களை வெட்டினார். றூபன் போடச் சொன்னதை வெட்டவில்லை.

றூபனின் தஞ்ச வழக்கு விசாரணை ஒக்டோபரில். றஜீனாவும் றொசாந்தியும் பேசாலையில் இருக்கிறார்கள்.