கடைசி வரிசையில் ஒரு மடி

பேய் நள்ளிரவில்தான் வரும், அதுவும் புளியமரத்தில்தான் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இது பிடிக்காது. இது விடியற்காலையில் நடந்தது. வேதக்கோயிலுக்குள்ளே, சாமியார் பூசை வைத்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. கட்டுக்கதை என்று தோன்றினால் சவரியாயியிடமே போய்ச் சொல்லிப் பாருங்கள். அவள் உங்களோடு சண்டைக்கு வரமாட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம். சவரியாயி மலைமேல் வில்பட்டிப் பக்கம் உருளைக்கிழங்குக் காட்டில் கூலி வேலை பார்த்தாள். புருஷன் சூசை ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மூத்தவள் ஆரோக்கியத்துக்கு ஏழு வயது. அடுத்தவள் தெரேசு, கைப்பிள்ளை. பிறந்ததிலிருந்தே அதற்கு மூச்சிழுப்பு. முந்தின பனிக்காலத்தில் இரண்டு தடவை உதடு நீலம் பாரித்து, வீட்டில் அழவே தொடங்கிவிட்டார்கள். இன்னொரு பனியை இந்தப் பிள்ளை தாங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

சவரியாயி இருதய ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாள். ஒன்பது மாதம், ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்டு, சாமியார் நாவில் வைக்கும் அப்பமாகிய நன்மை வாங்க வேண்டும். இடையில் ஒன்று தவறினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். ஏப்ரலில் தொடங்கினாள். டிசம்பரில் முடியும். பனியும் டிசம்பரில்தான் இறங்கும். ஒரு வெள்ளியைக்கூட விட அவளுக்கு வழியில்லை.

காட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பதால் வெள்ளனே நடக்கும் முதல் பூசைதான் அவளுக்குத் தோது. பிள்ளைகளை விட்டுப்போகவும் ஆளில்லை. வயிற்றில் ஒரு வாய் கஞ்சி இல்லாமல், தெரேசைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு மூடுபனிக்குள் நடப்பாள். ஆரோக்கியம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் பின்னால் வருவாள்.

அந்தச் சின்னக் கோயிலில் அப்போது பூசை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். சாமியார் சனங்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். சிறு பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார வேண்டும். பக்கத்தில் உபதேசியார் கம்போடு நிற்பார். பின்னால் திரும்பினால் முதுகில் விழும். பெண்கள் முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டுக் குனிந்திருப்பார்கள். நன்மை வாங்கித் திரும்புகிறவர்கள் கைகூப்பி, கண்ணைத் தாழ்த்தி வருவார்கள். ஆக, பூசை முடிகிறவரை கடைசி வரிசையை ஒருவரும் பார்ப்பதில்லை. கைப்பிள்ளைக்காரிகளுக்கு அந்த வரிசைதான் ஒதுக்கம், பிள்ளை அழுதால் வெளியே தூக்கிப்போக வேண்டுமே.

முதல் வெள்ளியன்று அந்த வரிசையில் சவரியாயி மட்டும்தான் இருந்தாள். அப்படித்தான் நினைத்தாள். நன்மைக்கு மணி அடித்தது. தெரேசு வீரிட்டு அழுதது. ஆரோக்கியத்தைக் கூப்பிடலாமென்றால் அவள் முன்னால், கம்புக்குப் பக்கத்தில். தவித்துப்போய்ப் பக்கத்தில் பார்த்தாள். மூலையில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை முக்காடு. இரண்டு கைகளும் மடியில் விரிந்திருந்தன.

கோயிலில் இது வழக்கம்தான். ஒருத்தி நன்மைக்குப் போனால் இன்னொருத்தி பிள்ளையை வைத்துக்கொள்வாள். சவரியாயி குழந்தையை அந்த மடியில் விட்டுவிட்டு எழுந்து போனாள். அழுகை அந்த நிமிஷமே நின்றது.

திரும்பி வந்து, கண்ணை நிமிர்த்தாமலே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் முதுகு ஜில்லென்றிருந்தது. பனி என்று நினைத்துக்கொண்டாள்.

மே மாதமும் அதே பெண் இருந்தாள். ஜூனிலும் இருந்தாள். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் அவள் நிற்பதில்லை. ஒரு நாளும் நன்மைக்குப் போனதில்லை. சவரியாயி ஒரு தடவை மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நீங்க எந்த ஊருங்க?" பூசையில் பேசாத பக்தை, அவளிடம் பேச்சுக் கொடுத்தோமே என்று சவரியாயிதான் வெட்கப்பட்டாள்.

தெரேசுக்கு இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆகஸ்டில் இரவு முழுக்கத் தூங்கியது. சவரியாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அக்காவுக்கென்று நாலு பேரிக்காயைத் துணியில் முடிந்து கொண்டுபோய் மூலையில் அவள் அருகே வைத்தாள். அடுத்த மாதம் போனபோது முடிச்சு அவிழாமல் அங்கேயே கிடந்தது. காய்கள் அழுகியிருந்தன.

அதிலிருந்துதான் அவளுக்கு லேசாக உறுத்தல். பிள்ளையை வாங்கும்போதெல்லாம் அதன் உடம்பில் ஈரமண் வாடை... வீட்டுக்கு வந்து குளிப்பாட்டினாலும் போகாத வாடை.

எட்டாவது வெள்ளி. பூசை முடிந்து வரும்போது ஆரோக்கியத்தின் முதுகில் கம்படித் தடிப்பு சிவந்திருந்தது.

"பின்னால திரும்பினியா?"

"ஆமா. நீ ஏம்மா பாப்பாவத் தனியா விட்டுட்டு வந்தே?"

"தனியா எங்க விட்டேன்? அந்த அக்கா மடியிலதான கெடந்துச்சு."

"அங்க யாருமே இல்லம்மா."

சவரியாயி நின்றுவிட்டாள். சுற்றிலும் மூடுபனி. தைல மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப பாப்பா தரையிலயா கெடந்துச்சு?"

ஆரோக்கியம் குனிந்து, தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இம்புட்டு ஒசரத்துல கெடந்துச்சும்மா. தரையில படல."

சனிக்கிழமை சூசையிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. "தூக்கக் கலக்கத்துல புள்ள என்னமோ பாத்திருக்கு. இன்னும் ஒரே ஒரு வெள்ளி. இப்ப விட்டா அம்புட்டும் வீணாப் போயிரும், பாத்துக்க." அவளுக்கும் அது தெரியும். அந்த வருஷம் பனியும் முந்திக்கொண்டு அந்த வாரமே இறங்கத் தொடங்கியிருந்தது.

ஒன்பதாவது வெள்ளி. பழைய சேலையால் தெரேசைத் தன் மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். முடிச்சு மேல் முடிச்சு போட்டாள். கடைசி வரிசைக்குப் போகவில்லை. நடுவில் மற்றப் பெண்களுக்கிடையே உட்கார்ந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. பிள்ளையோடு எழுந்தாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தாள். பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருந்த கிராதியில் முழந்தாளிட்டாள். அங்கே விரித்திருந்த வெள்ளைத் துணிக்கு அடியில் கைகளை வைத்துக்கொண்டாள். அதுதான் முறை.

சாமியார் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தார். இன்னும் மூன்று பேர்...

தெரேசு விழித்தது.

சவரியாயியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது. பின்பக்கமாகக் கையை நீட்டியது. களுக்கென்று சிரித்தது.

இன்னும் ஒருவர்...

ஒன்றரை வயது நெருங்கியும் அந்தப் பிள்ளை அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசியது. சவரியாயியின் காதோரம், அவளுக்குப் பின்னால் இருந்த யாரையோ பார்த்துப் பேசியது.

"அம்மா."

முதுகில் குளிர் ஏறியது. ஈரமண் வாடை.

சாமியார் எதிரே வந்து நின்றார். இப்போது திரும்பினால் அவர் அடுத்தவளிடம் போய்விடுவார். ஒன்பது மாதமும் போய்விடும்.

வாயைத் திறந்தாள். நாவில் நன்மை விழுந்தது.

அதே நேரம் மார்பில் இருந்த பாரம் குறைந்தது.

முடிச்சு அவிழவில்லை. ஆனால் பிள்ளை லேசாகிவிட்டது... யாரோ கீழேயிருந்து தூக்குவதுபோல்...

துணிக்கடியிலிருந்து கைகளை வெடுக்கென்று உருவிப் பிள்ளையை அடியில் பிடித்தாள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு கைகள் இருந்தன.

ஜில்லென்று.

அவள் விடவில்லை. அந்தக் கைகளோடு சேர்த்துப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பாரம் மெல்லத் திரும்பி வந்தது.

நினைவு தெளிந்தபோது கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மார்பில் இருந்தது. ஆரோக்கியம் அழுதுகொண்டிருந்தாள். கோயில்பிள்ளை சின்னப்பன், விளக்கேற்றி மணியடிக்கும் பெரியவர், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சவரியாயி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எந்த எடம் தாயி?"

"கடைசி வரிசை. எடது மூலைங்க."

பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். "அந்த மூலை முன்னால கோயிலுக்குள்ள இல்ல. எடம் பத்தலேன்னு பின்சுவத்தத் தள்ளிக் கட்டுனதுல உள்ள வந்தது. அதுக்கு முந்தி அது வெறும் வெளி."

"அங்க என்ன இருந்துச்சு?"

"ஒரு சின்ன வயசுப் பொம்பளயோட குழி. அவ கைக்கொழந்த காய்ச்சல்ல போயிருச்சு. அந்த வாரமே கெணத்துல விழுந்துட்டா. கொழந்தைய, சாமியார் மந்திரிச்ச கல்லறைத்தோட்டத்துல வச்சாங்க. தன் உசுரத் தானே மாய்ச்சுக்கிட்டவளுக்கு அதுல எடம் கெடையாது. கோயில் பின்சுவத்துக்கு வெளிய, சிலுவ கூட இல்லாமப் பொதச்சாங்க. கட்டட வேலை நடந்தப்போ தோண்டிப் பாத்தோம். எந்த எடம்னு தெரியல. அப்படியே மேல தளம் போட்டாச்சு."

தெரேசுக்கு அதற்குப் பிறகு இழுப்பே வரவில்லை. அந்தப் பனியையும் தாண்டியது, அடுத்த பனியையும் தாண்டியது. யார் காப்பாற்றியது என்று சவரியாயி யாரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

பிள்ளை நன்றாகப் பேசவும் கற்றுக்கொண்டது. சூசையை அப்பா என்றது. ஆரோக்கியத்தை அக்கா என்றது. பெற்றவளை மட்டும் சூசை கூப்பிடுவதுபோலவே "சவரி" என்றது. கெஞ்சினாள். மிட்டாய் கொடுத்தாள். ஒரு நாள் அடித்தும் பார்த்தாள். பிள்ளை அழுதது. அழும்போதுகூட அந்தச் சொல் வரவில்லை.

மூன்று வருஷம் அந்தக் கோயில் பக்கமே போகாமல் இருந்தாள். பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம், தவிர்க்க முடியவில்லை. பட்டப்பகல், கோயில் நிறையக் கூட்டம். வாசலைத் தாண்டியதும் தெரேசு அவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். கடைசி வரிசை இடது மூலையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஏனென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

"அம்மா," என்று தெளிவாகக் கூப்பிட்டுக்கொண்டே தெரேசு அந்த மூலையில் போய் உட்கார்ந்தாள்.

பெற்றவளைத்தான் கூப்பிடுகிறது என்று எல்லோரும் திரும்பிச் சவரியாயியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிள்ளை தரையில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.