மூடிய புல்நிலத்தைத் திறந்த கௌரி

கௌரி இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. மெல்பேண் புறநகரான மல்கிரேவில் நான் வேலைசெய்யும் அலுவலகத்துக்கு வெளியே, காரில் சாய்ந்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் ரவி தொலைபேசியில், "சேர், கௌரி காலமை போயிட்டா. தலைக்குள்ள இரத்தம் எண்டு சொல்லுகினம்" என்றார். பால் வண்டி பிந்தி வரும் என்று அறிவிப்பதுபோன்ற குரல். எனக்கு முதலில் பயம் வந்தது. துக்கம் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. எதற்குப் பயந்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்களை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி ரவி கேட்டிருந்தார். "நீங்கள் படிச்ச ஆள். அவவோட வேலை செய்தனீங்கள்." இறுதிச் சடங்கிலும் பலர் வந்து என் கையைப் பிடித்தார்கள். "அந்தக் குளிர் வருஷம் பண்ணையைக் காப்பாத்தினது நீங்களாம். கேள்விப்பட்டனாங்கள்" என்றார் ஓர் அன்ரி. கௌரியின் உடல் பத்தடி தள்ளி இருந்தது. நான் தலையாட்டினேன்.

டேவ் என்பவரின் பால் பண்ணை மெல்பேணிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில், கிப்ஸ்லாண்டில் இருந்தது. வேலைக்குக் கௌரியும் நானும். ரவி பக்கத்து ஊர் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். நான் இலங்கையில் விவசாயபீடத்தில் படித்து, மேய்ச்சல் நிலம் பற்றி அங்கேயே நான்கு வருடம் பாடம் எடுத்தவன். இந்த நாட்டில் அந்தப் படிப்பை ஒருவரும் மதிக்கவில்லை. எந்த மேசையில் யார் என்ன சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். கடைசியில் வேலை விசாவில் மாடு கறக்க வந்தேன். நிரந்தர வதிவிடம் கிடைப்பதற்கு டேவ் கையெழுத்து வைக்கவேண்டும். கௌரியின் நிலைமை இன்னும் மோசம். படகில் வந்தவர். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் புதுப்பிக்கவேண்டிய தற்காலிகப் பிரிட்ஜிங் விசாவில் இருந்தார். டேவ் கொடுத்த சிறிய வீட்டில், பண்ணைக்குள்ளேயே, அவரும் ரவியும் மகளும் குடியிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும்.

கௌரி எல்லாவற்றுக்கும் பயப்படுவார். கடிதப் பெட்டியைத் திறக்க ரவி வரும்வரை காத்திருப்பார். ஒருநாள் பண்ணைக்குள் ஒரு வெள்ளைக் கார் வந்தது. சற்று நேரத்தில் கௌரியைக் காணவில்லை. தேடிப்போனால் கன்றுக் கொட்டிலின் மூலையில் வைக்கோலுக்குள் குந்தியிருக்கிறார். இரண்டு கன்றுகள் அவருடைய சட்டைக் கையைச் சப்பிக்கொண்டிருந்தன.

"ஆர் சேர் வந்தது?"

"உரம் விக்கிறவன்."

"கழுத்தில அட்டை தொங்குது."

"உரம் விக்கிறவனும் அட்டை போடுவான்."

"அப்ப நீங்கள் ஏன் தண்ணித் தாங்கிக்குப் பின்னால நிண்டனீங்கள்?"

குடிவரவு அதிகாரியோ என்று, அட்டையைக் கண்டதும் நானும் ஒதுங்கித்தான் நின்றேன். அதை அவர் பார்த்திருப்பார் என்று நினைக்கவில்லை.

என்னை அவர் "சேர்" என்று கூப்பிட்டதில் பாதி மரியாதை, பாதி பகிடி. எனக்கு அவர்மேல் மனஸ்தாபம் இருந்தது. புல்லைப் பார்க்கும் பொறுப்பை டேவ் என்னிடம் தராமல் அவரிடம் கொடுத்திருந்தார். பண்ணையில் வேலி போட்டுப் பிரித்த இருபத்துநான்கு புல்நிலங்கள் இருந்தன. படொக் என்று சொல்வோம். மாடுகள் நாளுக்கு ஒரு படொக்காக மேய்ந்து, இருபத்துநான்காம் நாளுக்குப் பிறகு முதலாவதுக்குத் திரும்பி வரும். ஒவ்வொரு படொக்கிலும் ஐந்தாறு புல்லில் கௌரி சிவப்புத் தையல் நூல் கட்டியிருப்பார். மாடு கடித்த பிறகு அந்தப் புல் எத்தனை புது இலை விட்டிருக்கிறது என்று சேற்றில் குனிந்து எண்ணுவார். மூன்று இலை வந்தால் மேய்க்கலாம். நாலாவது இலை வரும்போது முதலாவது இலை பழுத்துவிடும். இதை நான் பரீட்சைத் தாளில் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்ற ஒருவர் தானாகவே அதைக் கண்டுபிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"இதைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கு" என்றேன்.

"அத்தியாயத்தில மாடு மேயுமோ, சேர்?"

அந்த வருடம், இங்கே வசந்தம் தொடங்கும் செப்டெம்பர் முடிந்தும் குளிர் விடவில்லை. மழை நின்ற நாட்களில் உறைபனி விழுந்தது. மண் ஈரச்சாக்குப் போலக் குளிர்ந்து கிடந்தது. வழக்கமாக ஒரு கிழமையில் வரும் இலை இரண்டு கிழமையாகியும் வரவில்லை. மற்ற வருடங்களில் அந்த நேரத்தில் மாடு தின்பதைவிடப் புல் வேகமாக வளரும். அப்போது மூன்றில் ஒரு பங்கு படொக்குகளை மூடிவிடுவோம். அவற்றில் மாட்டை விடாமல் புல்லை வளர்த்து, வெட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கால் சுற்றிப் புளிக்கவைத்தால் அதுதான் சைலேஜ். கோடையில் நிலம் காய்ந்ததும் மாடு அதில்தான் உயிர் வாழும்.

டேவ் அந்த வருடமும் எட்டு படொக்குகளை மூடச் சொன்னார். முந்தைய வருடம் சைலேஜ் போதாமல் வெளியில் தீனி வாங்கி நொந்துபோனவர். தேநீர் நேரத்தில், எங்கள் இருவரையும் பார்க்காமல், "இந்த முறையும் தீனி வாங்க நேர்ந்தால் பாதி மாட்டை விற்றுவிடுவேன். உங்களில் ஒருவரை நிறுத்தவேண்டி வரும்" என்றார். அவருக்கும் பயம். கெட்ட மனிதர் அல்ல. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் உண்மை.

அன்றிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் பயந்தோம். கௌரி பத்து நிமிடம் முந்தி வேலைக்கு வந்தால் மறுநாள் நான் இருபது நிமிடம் முந்தி வருவேன். அதற்கு மறுநாள் அவர் எனக்கு முன்னால் நிற்பார். ஒரே தொட்டியை இருவரும் போட்டிபோட்டுக் கழுவுவோம்.

எட்டை மூடியதும் மிச்சம் பதினாறு. ஒரு கிழமைக்குள் கௌரி என்னிடம் வந்தார். "சேர், இனி மாடு பதினாறாம் நாளே அதே இடத்துக்குத் திரும்பி வரும். அங்க அப்ப ஒரு இலைதான் முழுசா வந்திருக்கும். அதையும் கடிச்சா அது எங்கயிருந்து வளரும்? எனக்கு இங்கிலிஷ் வராது. நீங்கள் சொன்னாக் கேப்பார். மூடினதைத் திறக்கச் சொல்லுங்கோ. வெயில் வந்தாப்பிறகு மூடலாம்."

அவர் சொன்னது சரி. எனக்கு அது கரும்பலகையில் எழுதியதுபோலத் தெளிவாகத் தெரியும். மறுநாள் டேவ் என்னைப் பார்த்து, "நீ படித்தவன். மூடிவைத்தது சரிதானே?" என்று கேட்டார். கௌரி பக்கத்தில் நின்றார். "சரிதான். பொறுத்தால் புல் வரும்" என்றேன். டேவ் கேட்க விரும்பியதைச் சொன்னேன்.

திரும்பி நடக்கும்போது கௌரி குனிந்து, நூல் கட்டிய ஒரு புல்லில் இலை எண்ணினார். அது எனக்குத் தாங்கவில்லை. "நீங்கள் பட்டினி பாத்து வந்த ஆக்கள். மாடு கத்தினா உங்களுக்குப் பொறுக்கேலாது. அது உங்கட பிரச்சினை, புல்லின்ர பிரச்சினை இல்லை" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன கேவலமான பேச்சுகளில் அது ஒன்று.

அவர் நின்று என்னைப் பார்த்தார். "ஓம் சேர். பட்டினி பாத்தனான். நாளைக்கெண்டு வைக்கிறதை, நாளைக்கு இருக்கிற ஆக்கள்தான் தின்னலாம்."

அதன் பிறகு வந்த பத்து நாட்களை நான் மறக்க முயன்றிருக்கிறேன். பால் ஒவ்வொரு நாளும் குறைந்தது. டேவ் தாங்கியின் அளவுக் கோலைப் பார்த்துவிட்டுப் போவார். மாடுகள் மூடிய படொக்கின் ஓரத்தில் வரிசையாக நின்று கத்தும். கரண்ட் கம்பிக்கு மேலால் கழுத்தை நீட்டும், அடி வாங்கிப் பின்வாங்கும், மறுபடியும் வந்து நிற்கும். உள்ளே இருந்த புல்லும் உயரவில்லை. அடியில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு அறையில் கிடந்தாலும் கத்தல் கேட்கும். யாரை நிறுத்துவார் என்று அதிலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒக்டோபர் நடுவில் ஒரு காலை டேவ் ஊருக்குப் போயிருந்தார். பால் கறந்து முடிந்து நான் பைக்கில் வந்தபோது, மூடியிருந்த ஒன்பதாம் படொக்கின் கேற்றடியில் கௌரி நின்றார். பின்னால் முழு மந்தையும்.

"என்ன செய்யிறியள்?"

"திறக்கிறன்."

"விசரே? வேலை போகும். வீடும் போகும்."

"ஓம்."

"பயமில்லையோ?"

"ஏன் இல்லாமல்? வாயெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. அதுக்காக இதுகள் பசியில நிக்கிறதே?" சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னார். பிறகு, "ஒரு கை பிடியுங்கோ சேர், துருப்பிடிச்சு இறுகிப்போச்சு" என்றார்.

நான் பிடிக்கவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். பின்னால் அவர் சங்கிலியைக் கல்லால் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கத்தல் நின்றது. அத்தனை மாடும் ஒரேயடியாகக் கத்தலை நிறுத்தினால் வரும் அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மத்தியானம் டேவ் வந்தார். யார் திறந்தது என்று கேட்டார். "மீ. கவ் ஹங்ரி" என்றார் கௌரி. டேவ் என் பக்கம் திரும்பி, "நீயா சொன்னாய்?" என்றார். "இல்லை. வேண்டாமென்றேன்" என்று நான் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வெள்ளிக்கிழமையோடு கௌரிக்கு வேலை இல்லை. வீட்டை விட இரண்டு கிழமை அவகாசம்.

ஆனால் மேயத் தொடங்கிய மாட்டை வெளியே இழுக்க டேவுக்கு மனம் வரவில்லை. ஒன்பதாவதைத் தொடர்ந்து மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். மேய்ச்சல் சுற்று பழையபடி நீண்டது. மிதிபட்டுக் கிடந்த பதினாறும் மூச்சுவிட்டு இரண்டாவது இலையை விட்டன. நவம்பரில் வெயில் வந்தபோது வேரில் தெம்பிருந்ததால் எல்லாம் ஒன்றாக எழுந்தன. அப்போதுதான் மூடினோம். சைலேஜ் உருளைகள் கொஞ்சம் குறைவு, ஆனால் தண்டு குறைந்து இலையாக இருந்தது. தீனி வாங்கவில்லை. ஒரு மாடும் விற்கவில்லை. கௌரியின் வீடு அப்போது வெறுமையாகக் கிடந்தது. "என் ஆள் கணக்குப் போட்டான், பட்டதாரி" என்று டேவ் அயலவர்களிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. கௌரியைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் டேவ் என் வதிவிடத் தாள்களில் கையெழுத்து வைத்தார். அந்தக் கதை நம்மவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. வந்து சேர்ந்தபோது எனக்கு வசதியாக இருந்தது.

கௌரி குடும்பம் மெல்பேண் பக்கத்து டண்டினோங்குக்கு வந்தது. மரக்கறி பொதிசெய்யும் இடத்தில் அவருக்கு வேலை. இந்த நாட்டில் தங்கவிடும்படி குடிவரவு அமைச்சரின் தலையீடு கேட்டு மனுப் போட்டபோது, வேலை செய்த இடத்தின் கடிதம் தேவைப்பட்டது. மிருகங்களோடு அன்பானவர், ஆனால் உத்தரவை மீறிப் பண்ணைக்கு இடைஞ்சல் செய்ததால் நிறுத்தினேன் என்று டேவ் எழுதிக் கொடுத்தார். அந்த வரி மனுவோடு போய்விட்டது. மூன்று வருடத்துக்கு முன் கௌரி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், நடந்ததை ஒரு பக்கத்தில எழுதித் தருவியளோ? நீங்கள் பாத்தனீங்கள்தானே."

குடியுரிமை கிடைக்கட்டும், அதன் பிறகு தருகிறேன் என்றேன். என்னுடைய கோப்பையும் எடுத்துப் பார்ப்பார்களோ என்று பயம். "ஓம், ஓம், அது முக்கியம். அவசரமில்லை" என்றார். போன வருடம் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்தேன். கௌரி வாழ்த்துச் சொன்னார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் நான் எழுதவில்லை. கார்த் தரிப்பிடத்தில் ரவியின் குரலைக் கேட்டபோது எனக்கு வந்த பயம் இதுதான்: அந்தக் கடிதம் எங்கே என்று கேட்பாரோ. கௌரி என்னை ஒருமுறை திட்டியிருந்தால் இன்று எனக்கு இலகுவாக இருந்திருக்கும். பலர்மேல் எனக்குக் குறை இருக்கிறது. கௌரிமேல் இருப்பது அந்த ஒன்றுதான்.

மனு இப்போது ரவியின் பேரிலும் மகளின் பேரிலும் தொடர்கிறது. டேவின் கடிதமும் அதோடு இருக்கிறது. போன சனிக்கிழமை நடந்ததை எழுதி, இங்கே மருந்தாளரும் சாட்சிக் கையெழுத்து வைக்கலாம் என்பதால் மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். கௌரி சொன்னது சரியென்று தெரிந்தும் முதலாளியிடம் மாற்றிச் சொன்னேன் என்பதும் அதில் இருக்கிறது. கடையில் நின்றவர் தமிழ்நாட்டுப் பெண்.

"சத்தியக் கூற்று சார் இது. தப்பா எழுதியிருந்தா கேஸ் ஆயிடும். ஒரு தடவ படிச்சிருங்க."

"படிச்சிட்டன்."

"எல்லாம் நீங்க நேர்ல பாத்ததா?"

"ஓம்" என்றேன். கையெழுத்து வைத்தேன். நாளைக்கு யாராவது கதவைத் தட்டுவார்கள் என்றே தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. தாளை ரவியிடம் கொடுத்துவிட்டேன். அந்த வருடம் பண்ணையைக் காப்பாற்றியது நான் என்று இனி ஒருவரும் சொல்லவேண்டாம்.

கௌரியிடமிருந்து என்னிடம் இருப்பது, அவர் கடைசியாகக் கேட்ட அந்த உதவியும் அதோடு சேர்ந்த இரண்டு மூன்று சொற்களும். நீங்கள் பாத்தனீங்கள்தானே, சேர்.

ஓம் கௌரி. பாத்தனான்.