டாக்டர் விடச் சொன்னது

எழுத்து என் வேலை அல்ல. பள்ளிக்கூடத்தோடு நின்ற படிப்பு, அதுவும் மலையாளத்தில். தமிழை வீட்டுக்குள்ளேயே கற்றவள் நாலு பேர் படிக்க எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரியில் அத்தா ஒரு சுக்குக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். வீட்டு மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். இருமல் அடங்கியதும் ஒரு பீடி பற்றவைப்பார். அதை நிறுத்தும்படி அம்மா சொல்லாத நாள் இல்லை. அத்தாவின் காதில் அது வானொலிச் செய்தி மாதிரி விழுந்துகொண்டிருக்கும்.

ஆனால் டாக்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. உப்பைக் குறைக்கச் சொன்ன அன்றே எங்கள் வீட்டில் கருவாடு நின்றது. அதனால் ஒருநாள் அம்மா அத்தாவுக்குத் தெரியாமல் என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் அதை வெளியே எறிந்தார்.

"சாரே, இவ அத்தா நான் சொன்னா கேக்க மாட்டாங்க. சார் ஒரு வார்த்தை பறஞ்சா பீடிய விட்டுருவாங்க."

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஞான் பறயாம்" என்றார், கையால் புகையை விசிறிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மூவரும் போனோம். டாக்டர் அத்தாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராவுத்தரே, ஒரு காரியம். இந்தப் பீடி..." என்று தொடங்கினார்.

அத்தா அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். மெல்லிய வெள்ளைத் துணி. சிகரெட் பெட்டி வெளியே தெரிந்தது.

"நமக்குப் பீடி, சாருக்கு சிகரெட். சாரும் நம்ம கூட்டமாக்கும்!"

டாக்டர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாக மாறியது. அசல் அத்தாவின் இருமல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இருமுவது யாரென்று சொல்ல முடியாது. இருமி முடித்தபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"பீடி கொஞ்சம் குறைச்சா போதும். கிடங்குல பறக்குற சுக்குப் பொடியாக்கும் பிரச்சினை. அந்தப் பணிய விடணும், ராவுத்தரே."

"சாரே, நான் கேட்டது..." என்றாள் அம்மா. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதக் குனிந்தவர் நிமிரவில்லை.

"சார் விடச் சொன்னா விட்டாச்சு" என்றார் அத்தா.

திரும்பும்போது அத்தா முன்னால் நடந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் விடச் சொன்னார், அத்தாவும் சரி என்றுவிட்டார். இனிப் பகலெல்லாம் வீட்டில் இருப்பார். "நீ நெனச்சது நடந்துருச்சுல்லம்மா?" என்று கேட்டேன். அம்மா முக்காட்டை இழுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். கடைத்தெருவின் நெடி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அத்தா கிடங்குக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, மருந்து சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று அம்மாவிடம் கேட்டார்.