ஈரச் சாக்கில் ஒரு பீர்

என் பிக்கப் வண்டியின் சீட்டுக்குப் பின்னால் ஒரு கோணிச்சாக்கு கிடக்கிறது. இப்போது அதில் தண்ணீர் கேன் இருக்கிறது. முன்பு டிரைவர் அண்ணனின் பீர் பாட்டில் இருந்தது.

பாலக்கோட்டில் சாயங்காலம் தக்காளி ஏற்றி பெங்களூருக்குப் போவோம். கடனில் எடுத்த வண்டி என்னுடையது. அந்த ஊர் நெரிசலில் ஓட்டப் பயந்து அவரை வைத்திருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்ட எனக்குக் காக்கிச் சட்டையைக் கண்டாலே பயம். அண்ணனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஊர் திரும்பி, வண்டியை ஓரங்கட்டி, தூங்கப் போகுமுன் ஒரு பீர். ஸ்டியரிங்கில் கை இருக்கும்வரை தொடமாட்டார்.

நாங்கள் காலையில் வந்து சேரும்போது இங்கே அரசாங்கக் கடை பூட்டியிருக்கும், மதியம்தான் திறப்பார்கள். அதற்குள் அவர் தூங்கியாக வேண்டும், சாயங்காலம் மறுபடி லோடு. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்து அத்திப்பள்ளியிலோ காலையிலேயே ஜில்லென்று கிடைக்கும். ஆனால் அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் கேஸ், வண்டியையும் பிடித்துவைப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு பாட்டிலுக்கு வண்டியவா புடிப்பாங்க? நீ பயந்தே சாவப்போற தம்பி" என்று அண்ணன் சிரித்தாலும், எனக்காக விட்டுக்கொடுத்தார். லோடு ஏற்றும்போதே நம்மூர்க் கடையில் வாங்கிவிடுவார். அது வெதுவெதுவென்று இருக்கும். நனைத்த சாக்கில் சுற்றிச் சீட்டுக்குப் பின்னால் செருகுவார். வீட்டில் பாட்டில் வைக்க அண்ணி விடமாட்டார். ஆகவே நம்மூர் பீர் தினமும் பெங்களூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்பியது.

ஒரு காலை, திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் மடக்கினார்கள். அதிகாரி சாக்கைப் பிரித்தார். ஈரத்தில் ஊறி லேபிள், மூடிமேல் இருந்த நம்ம அரசாங்க ஸ்டிக்கர் எல்லாம் கழன்று, மொட்டைப் பாட்டில்.

"எந்தூரு சரக்கு?"

"பாலக்கோட்டுல வாங்குனதுங்க சார்."

"பாலக்கோட்டுல வாங்குனது பெங்களூர்லருந்து எப்பிடிய்யா வருது?"

உண்மையைச் சொன்னார் அண்ணன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது. "இவன் நடுங்கறதே சொல்லுதே" என்றார் அதிகாரி என்னைக் காட்டி.

"பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்பிடித்தானுங்க நடுங்குனான்" என்ற அண்ணன், உடனே குரல் தாழ்த்தினார். "பாட்டில் என்னுதுங்க. இவனுக்குச் சம்பந்தமில்ல. என்னைய வெச்சிக்குங்க, வண்டிய விட்டுருங்க. தவணை கட்டறவன்."

அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. சாக்கைப் பிடுங்கி உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். நாரோடு நாராக ஒட்டிக்கிடந்தது அந்த ஸ்டிக்கர், பாதி கிழிந்து, தமிழ்நாட்டு முத்திரை மட்டும் மினுங்கியபடி. அதிகாரி வெயிலில் காட்டிப் பார்த்தார், சிரித்துவிட்டார். "போங்கய்யா. இனிமே வூட்டுல வுட்டுட்டு வா."

"வூட்டுல வுட முடிஞ்சா இத ஏனுங்க ஊர் சுத்த வெக்கறேன்?"

கண் மங்கி ஓட்டுவதை நிறுத்திய அண்ணன் இப்போது பெங்களூரில் மகளோடு இருக்கிறார். "கடைக்கு எதுத்தாப்பலயே வூடு தம்பி. காலையிலயே தொறந்துடறான். பொண்ணு முன்னாடி எப்பிடிப் போறது?" என்றார் போனில்.

நான்தான் இப்போது ஓட்டுகிறேன். சாக்கில் அந்த முத்திரையின் துணுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. சாவடி நெருங்கும்போதெல்லாம் என் கை தானாகப் பின்னால் போய் அதைத் தடவிப் பார்க்கிறது. உள்ளே வெறும் தண்ணீர்தான்.