வீரபத்திரன் விட்ட சாயத்தண்ணீர்

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகும் சாலையை ஒட்டிய நெசவாளர் தெருவில் கடைசி வீடு வீரபத்திரனுடையது. வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. அவன் நூலுக்கு ஏற்றிய சிவப்பு எத்தனை துவைத்தாலும் போகாது என்று தறிக்காரர்கள் சத்தியமே செய்வார்கள். யார் வம்புக்கும் போகாதவன். தான்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு மட்டும் கொஞ்சம் உண்டு.

சாயம் தோய்த்த பிறகு மிஞ்சும் தண்ணீரை முதலில் தெருக் கால்வாயில்தான் விட்டுக்கொண்டிருந்தான். ஏரி சிவந்துபோனதும் ஊரே திரண்டு வந்து சத்தம் போட்டது. அன்றைக்குத்தான் அவன் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. பட்டறை ஓரத்தில் நானூறு அடி போர்வெல் ஒன்று வற்றிப்போய்க் கிடந்தது. அதற்குள் ஒரு குழாயைச் சொருகி, சாயத்தண்ணீர் முழுவதையும் இறக்கினான். எவ்வளவு விட்டாலும் போர் மடமடவென்று குடித்தது.

"பாதாளத்துக்கே போயிட்ச்சி. இனிமே எவன் வந்து கேப்பான்?" என்று மனைவி வசந்தியிடம் பெருமையடித்துக்கொண்டான். இப்படியே நாலு வருஷம் ஓடியது.

அங்கிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தில், அவனுடைய அக்கா மணியம்மைக்கு முக்கால் ஏக்கர் மல்லித் தோட்டமும் ஒரு கிணறும் இருந்தன. அம்மா செத்தபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் புஷ்பக் காவடிகளில் பாதிக்குத் தன் தோட்டத்துப் பூதான் என்பாள். பாதி என்பது அவள் கணக்கு. ஆனால் வருஷாவருஷம் முதல் கூடை சாமிக்குத்தான், அதை விற்க மாட்டாள். புருஷன் ஆதிகேசவன் இறந்த வருஷம் மட்டும், தீட்டு என்று அந்தக் கூடை மலைக்குப் போகவில்லை.

அடுத்த கோடையில் மல்லி இலைகள் ஓரமெல்லாம் கருகின. எருவை மாற்றினாள், செடியையே மாற்றினாள். எதுவும் தேறவில்லை. கடைசியில் தம்பியை அழைத்தாள்.

வீரபத்திரன் கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளினான். நிறமே இல்லை, தெளிவாக இருந்தது. நாக்கில் வைத்தான். கரித்தது. இரண்டு விரலைச் சேர்த்துத் தேய்த்ததும் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கியது. நூலில் சாயம் பிடிக்க உப்பும் சலவைச் சோடாவும் போடுவார்கள். முப்பது வருஷமாக அந்த வழுக்கலிலேயே கிடந்த கைக்கு அது தெரியாமல் போகுமா? கையை அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"இன்னா நைனா, தண்ணிக்கு இன்னா ஆச்சி?" என்றாள் அக்கா.

"கோடைதான்க்கா. தண்ணி கீழ போனா உப்பு ஏறும். மழை வந்தா சரியாப்பூடும்."

அன்றே குழாயைப் பிடுங்கி எறிந்தான். ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டி, கிணறு வாய்வரை நிரம்பியது. ஓடிப்போய்க் குடித்துப் பார்த்தான். உப்பு கொஞ்சம் குறைந்திருந்ததே தவிர, போகவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டிலில் பிடித்து, தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அனுசுயாவிடம் கொண்டுபோனான். முழுக்கதையையும் அவளிடம் மட்டும் சொன்னான்.

"கடல் அவ்ளோ உப்பு, மழை ஏன் கரிக்கலன்னு யோசிச்சீங்களா?" என்றாள் அவள். "வெயில் தண்ணிய மட்டும்தான் ஆவியா தூக்கும். உப்ப அங்கயே விட்டுடும். மேகமாகி நம்மகிட்ட வந்து விழறது நல்ல தண்ணிங்க. மண்ணுக்குள்ள அத கெடுக்கறது நாமதான். மண்ணு சாயத்த புடிச்சி வச்சிக்கும், உப்ப புடிக்காது. கீழ இருக்கற தண்ணி சும்மா நிக்கவும் நிக்காது, பள்ளத்த பாத்து நடந்துகினே இருக்கும். நாளைக்கு ஒரு முழம்னாலும், நாலு வருசத்துல எவ்ளோ தூரம் ஆச்சி?"

"எப்ப சரியாவுங்க?"

"நானூறு அடிக்குக் கீழ வெயில் வருமா? மழை பேஞ்சி பேஞ்சி அதுவா தள்ளணும். பத்து வருசமோ, இருபது வருசமோ."

அக்காவுக்கு அப்போதே அறுபத்திரண்டு வயது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் மணியம்மை தானே ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள். "அந்த வருசம் சாமி கூடைய வுட்டுட்டேன்ல, முருகன் கோச்சிக்கினாரு" என்றாள். வீரபத்திரன் மறுக்கவில்லை. நானாக ஒன்றும் பொய் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானத்தில் இரண்டு வருஷம் போனது. தோட்டம் முள்ளாகக் கிடந்தது.

இந்த மார்கழியில், மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து மன்னிப்பு கேட்கப்போவதாக மணியம்மை கிளம்பினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு தம்பியும் போனான். அவளுக்கு இரண்டு முட்டியும் வலி. ஒவ்வொரு படியிலும் குனிந்து, வைத்து, "தப்பு என்னுதுதான் சாமி" என்று சொல்லி, அவன் தோளைப் பிடித்து நிமிர்ந்தாள். நூறு படி தாண்டியதும் அவளால் குனிய முடியவில்லை, படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து வைத்தாள். அதற்கு மேல் அவனுக்குத் தாங்கவில்லை.

"எழுந்துருக்கா. தப்பு உன்னுது இல்ல. என் பட்டறைத் தண்ணி. வத்துன போர்ல நாலு வருசம் வுட்டேன். அதான் உன் கிணத்துக்கு வந்துட்ச்சி."

அவள் அவனையே பார்த்தாள். "உனுக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே. கைய வச்சதுமே தெரியும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கிணறு போனா போவுதுடா," என்றாள். "நீ வேணும்னா செஞ்ச? ஆனா என் புருசன் செத்த தீட்டுதான் தோட்டத்த அழிச்சிதுன்னு, ரெண்டு வருசமா உன் பாவாவ வாய்க்கு வந்தபடி திட்டிகினு கீறேன். சாவறதுக்கு வேற நாள் கெடைக்கலயான்னு கேட்டேன். நீ என் பக்கத்துல உக்காந்து சோறு துண்ணுகினே அத கேட்டுகினு இருந்த."

"அக்கா..."

"வாணாம். மலை மேல எனக்கு இனிமே வேலை இல்ல. நான் மன்னிப்பு கேக்கவேண்டிய ஆளு செத்துப் பூட்டாரு."

குங்குமம் படிந்த விரலைச் சேலையில் துடைத்தாள். அவன் நீட்டிய கையைப் பிடிக்காமல், கைப்பிடிக் கம்பியைப் பற்றி எழுந்து, ஒவ்வொரு படியாகத் தனியே இறங்கிப் போனாள். வீரபத்திரன் தட்டோடு அங்கேயே நின்றான்.